மாத்தி வெச்சிருக்கு

வெர்ஷன் மாற்றும் வேலை என்றதும் உங்கள் முகம் போகிற போக்கை நான் பார்த்திருக்கிறேன். புதிதாக ஒன்றைக் கட்டச் சொன்னால் முந்திக்கொண்டு கை தூக்குவீர்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வெப் அப்ளிகேஷனை, அதைத் தாங்கி நிற்கும் ஃப்ரேம்வொர்க்கின் பழைய வெர்ஷனிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள், ஒருவருக்கு வயிற்றுவலி வந்துவிடும், இன்னொருவருக்கு ஊரில் கல்யாணம் வந்துவிடும். உங்களைக் குறை சொல்லவில்லை. நல்லபடி முடித்தால் ஒரு பயலும் கண்டுகொள்ள மாட்டான், கெட்டுப்போனால் எல்லாரும் நம் மேஜைக்கு வந்து நிற்பார்கள். நானும் அந்த வேலையிலிருந்து பலமுறை நழுவப் பார்த்தவன்தான்.

பிள்ளைகளுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது எழுதிக்கொடுங்கள் என்று உங்கள் மேனேஜர் கேட்டார். எந்த வரியை எங்கே திருத்துவது என்று சொல்ல நான் ஆள் இல்லை. நான் கற்றதெல்லாம் காலாவதியாகி நாளாகிறது, ஓய்வு பெற்ற பிறகு மின்சாரக் கட்டணம் கட்டவே மகளைக் கூப்பிடுகிறேன். அதனால் ஒரே ஒரு சொல்லைப் பற்றி எழுதுகிறேன். அந்தச் சொல்லில் தொடங்கிய ஒரு விவகாரத்தில் நல்ல இன்ஜினியர் ஒருத்தியை நாங்கள் இழந்தோம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். திருவனந்தபுரத்தில் கழக்கூட்டம் பக்கம் ஒரு சின்ன கம்பெனி. நான் அங்கே ப்ராஜெக்ட் லீடர். திருநெல்வேலிக்காரன், சென்னையில் சில காலம் குப்பை கொட்டிவிட்டு இங்கே வந்தவன். மீன் வாங்கவும் ஆட்டோக்காரரோடு சண்டை போடவும் போதுமான மலையாளம் வந்துவிட்டதால், எனக்கு மலையாளம் தெரியும் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் மலையாளம், ஆங்கிலம், தமிழ் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். மலையாளிப் பையன்கள் ஏதாவது சொன்னால் சந்தேகத்துக்கு ஆங்கிலத்தில் ஒருமுறை திருப்பிக் கேட்டுக்கொள்வேன். அவர்கள் மொழி வேறு என்கிற ஜாக்கிரதை எனக்கு உண்டு.

லதாவிடம் மட்டும் அந்த ஜாக்கிரதை தேவைப்படவில்லை. புஷ்பலதா என்று முழுப் பெயர். போனக்காடு மலையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பம். பள்ளிக்கூடம் முழுக்க மலையாளத்தில், பிறகு அரசு இன்ஜினியரிங் கல்லூரி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னிடம் வந்து, "எங்க பூர்வீகம் உங்க பக்கந்தான் சார், சங்கரன்கோயில். தாத்தா காலத்துல மல ஏறினாங்க" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கழக்கூட்டத்தில் சங்கரன்கோயிலைத் தெரிந்த ஒரு ஜீவன்! அன்றிலிருந்து அவளோடு எல்லாம் தமிழில்தான்.

அவள் தமிழ் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். "அது செரியாவூல சார்" என்பாள். "பேடிக்கண்டா சார், ஞாயித்துக்கெழமைக்குள்ள தீரும்" என்பாள். முதலாவது சரிவராது, இரண்டாவது பயப்படாதீர்கள், முடிந்துவிடும் என்று அர்த்தம். கேட்கக் கேட்க எனக்கு வேடிக்கையாக இருக்கும். கூட்டத்தில் நான் பெரிய திட்டமாகப் போர்டில் வரைந்துகொண்டிருக்கும்போது பின்வரிசையிலிருந்து "சார், அவிட ஒரு குழப்பம் உண்டு" என்று குரல் வரும். வந்தால் நிஜமாகவே அங்கே ஒரு குழப்பம் இருக்கும். எதிர்த்துப் பேசுகிற ஜூனியர் கிடைப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. வாயாடி என்று கிண்டல் செய்வேன். அவளும் சிரிப்பாள்.

அந்தச் சமயம் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் செய்துகொடுத்திருந்த அப்ளிகேஷனைப் புது வெர்ஷனுக்கு மாற்றும் வேலை வந்தது. நோயாளி எந்தத் தேதியில் வர வேண்டும், யாருக்கு எப்போது ஆபரேஷன் என்று கவுண்டரில் பதிவு செய்கிற அப்ளிகேஷன். தேதி சம்பந்தப்பட்ட பகுதி லதாவுடையது. அவளுக்கு அப்போது பயிற்சிக் காலம். அது முடிந்து வேலை உறுதியாவதை மலையில் ஒரு வீடே எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அப்பா தோட்டத்து ஆட்கள் எல்லாரிடமும் மகள் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள் என்று சொல்லிவைத்திருந்தார்.

வேலையில் சிக்கல் ஒன்று இருந்தது. நம் ஆட்கள் தேதியை எழுதும்போது நாளை முதலில் எழுதுவார்கள், பிறகு மாதம். பழைய வெர்ஷன் அதைப் புரிந்துகொண்டது. புது வெர்ஷனோ மாதத்தைத்தான் முதலில் படிக்கும். முதலில் வரும் எண் பன்னிரண்டைத் தாண்டினால் மட்டும், இது மாதமாக இருக்க முடியாது என்று ஊகித்துத் தானே திருப்பிப் படித்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்ததே லதாதான். எல்லாப் பக்கத்திலும் இதை மாற்றி எழுத வேண்டும்.

மாற்றம் நடக்க வேண்டிய வாரத்தில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது அவள் இருக்கைப் பக்கம் நின்று கேட்டேன்.

"ஏம்மா, அந்தத் தேதி வேல என்னாச்சு?"

"அது மாத்தி வெச்சிருக்கு சார்."

"நல்லது. அப்படியே இருக்கட்டும்."

இவ்வளவுதான். நான் என் அறைக்குப் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி மூடியிருந்த நேரத்தில் புது வெர்ஷனை ஏற்றினோம். மாதக் கடைசி. சோதித்துப் பார்த்தவர்கள் அந்த வாரத்துத் தேதிகளைப் போட்டுப் பார்த்தார்கள். எல்லாம் பன்னிரண்டைத் தாண்டிய தேதிகள், ஆகவே எல்லாம் சரியாக வந்தது. நான் எல்லாருக்கும் பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த மாதத்து முதல் ஆபரேஷன் நாள், ஒன்பதாம் தேதி காலை, ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் தயாராக நிற்கிறார், பட்டியலில் ஆள் இல்லை. வெளியே வராந்தா முழுக்க ஆட்கள், அவர்கள் பெயர் பட்டியலில் இல்லை. 9/8 என்று ஆகஸ்ட் ஒன்பதாம் தேதிக்குப் பதிந்தவரை அப்ளிகேஷன் செப்டம்பர் எட்டுக்குத் தூக்கிப் போட்டிருந்தது. ஒவ்வொருவர் கையிலும் கவுண்டரில் பேனாவால் தேதி எழுதிக் கொடுத்த அட்டை. ஆபரேஷனுக்காகக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்த வயதானவர்கள்.

நானும் லதாவும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உடனே பழைய வெர்ஷனுக்குத் திரும்பிவிடலாம் என்றேன். அவள்தான் கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தினாள். "வேண்டா சார். திரும்பிப் போனா இந்தத் தெத்துத் தேதியெல்லாம் அப்படியே ஒறச்சுப் போகும். கவுண்டர்ல டைப் பண்ணினது பத்திரமா இருக்கு. அத வெச்சு நேராக்கலாம். அதுவரைக்கும் புதுசா யாரும் பதியண்டா, அட்டையப் பாத்து ஆள உள்ள விடட்டும்." தெத்து என்றால் தவறு, ஒறச்சுப் போவது என்றால் நிலைத்துவிடுவது. இருபத்துச் சொச்சம் வயசுப் பெண் சொன்னதை நான் அப்படியே செய்தேன். சரியாகத்தான் சொன்னாள்.

அதற்குள் அவள் வராந்தாவுக்குப் போய்விட்டாள். விழிஞ்ஞத்திலிருந்து வந்த மீன்பிடிக்காரர் ஒருவர், ஒரு கண் ஏற்கெனவே மங்கியவர், சுவரோரம் உட்கார்ந்து "மோளே, என்டெ கண்ணு இன்னு நோக்குமோ?" என்று போகிற வருகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார், இன்றைக்கு என் கண்ணைப் பார்ப்பார்களா மகளே என்று. லதா அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "இன்னு தன்னெ அப்பூப்பா, எங்ஙோட்டும் போகண்டா" என்றாள். இன்றைக்கேதான் தாத்தா, எங்கேயும் போய்விடாதீர்கள். பாறசாலையிலிருந்து வந்த ஒரு தமிழ் அம்மாவிடம் தமிழில் பேசினாள், நர்ஸிடம் மலையாளத்தில் சண்டை போட்டாள். மத்தியானத்துக்குள் அட்டை வைத்திருந்த எல்லாரையும் டாக்டர் பார்த்துவிட்டார். தேதிகளையும் திருத்திவிட்டோம். யார் கண்ணுக்கும் கேடு வரவில்லை. அது எங்கள் சாமர்த்தியம் இல்லை, அதிர்ஷ்டம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளைக் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"மாத்தி வெச்சிருக்குன்னு சொன்னியே, பொறவு எப்படி இது நடந்துச்சு?"

"ஆமா சார், மாத்தி வெச்சிருந்துச்சு."

"அதத்தான் நானும் கேக்கேன். மாத்தியாச்சுன்னா ஏன் மாறல?"

"மாத்தல சார்." அவள் என்னைப் பார்த்து விழித்தாள். "மாத்தி வெச்சிருக்குன்னு அல்லே சொன்னேன். ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட ஒரு காரியம் கேக்க வேண்டியிருந்துச்சு. நீங்க அப்படியே இருக்கட்டும்னு சொன்னீங்க. செரி, தேதிப் பகுதி மட்டும் பழைய வெர்ஷன்லயே நிக்கும், பிறகு செய்யலாம்னு சார் தீர்மானிச்சாச்சுன்னு நெனச்சேன்."

எங்களுக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவர் கையில் மலையாளப் பேப்பர். லதா அதில் ஒரு தலைப்பைக் காட்டி எனக்கு வாசித்தாள். "பரீக்ஷ மாற்றிவெச்சு." பரீட்சை தள்ளிவைக்கப்பட்டது. மலையாளத்தில் மாற்றி வைப்பது என்றால் தள்ளிவைப்பது. திருநெல்வேலியில் மாத்தி வெச்சிருக்கு என்றால் மாற்றி முடித்தாயிற்று. அவள் பேசியது தமிழ், அதற்குள் இருந்த அர்த்தம் மலையாளம். நான் பதிலுக்குச் சொன்ன 'அப்படியே இருக்கட்டும்' இரண்டு அர்த்தத்துக்கும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. வேறு யார் சொல்லியிருந்தாலும் திருப்பிக் கேட்டிருப்பேன். நம்ம ஊர்ப் பேச்சு என்று கேட்காமல் விட்டேன்.

பிள்ளைகளே, வேலையில் தப்பு நடப்பது ஒரு நெருக்கடி என்றால், தப்பு நடந்த பிறகு கூடும் கூட்டம் அதைவிடப் பெரிய நெருக்கடி. முதலாவதில் எல்லாரும் விழிப்போடு இருப்போம். இரண்டாவதில் தப்பித்த நிம்மதியில் இருப்போம், அல்லது யாரைத் தப்புவிப்பது என்ற பதற்றத்தில் இருப்போம். நான் பதற்றத்தில் இருந்தேன். எங்கள் எம்.டி. நல்ல மனிதர், ஆனால் ஆஸ்பத்திரி நிர்வாகம் ஒரு பெயரைக் கேட்டு நெருக்கியது. பயிற்சிக் காலத்தில் இருக்கிற ஒரு பெண்ணின் பெயரைக் கொடுத்து அனுப்பிவிடுவது எல்லாருக்கும் சுலபம்.

நான் விடவில்லை. கூட்டத்தில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். தவறு அவள் வேலையில் இல்லை, எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு சொல்லில் இருந்தது, அந்தச் சிக்கலைக் கண்டுபிடித்தவளும் அவள், கடைசியில் சரிசெய்தவளும் அவள் என்றேன். மாத்தி வெச்சிருக்கு கதையைச் சொன்னதும் அறை முழுக்கச் சிரிப்பு. எம்.டி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ ஆளின்டெ அல்ல, வாக்கின்டெ குற்றமாணு, அல்லே?" என்றார். ஆளின் குற்றம் இல்லை, சொல்லின் குற்றம், அப்படித்தானே? ஆமாம் என்றேன். லதாவின் வேலை தப்பித்தது. அவள் மட்டும் சிரிக்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு அடங்கியதும் எம்.டி. சொன்னார், அப்படியானால் அந்தச் சொல் இனி வேண்டாம். இனி இப்படி நடக்காமலிருக்க என்ன செய்தீர்கள் என்று ஆஸ்பத்திரி கேட்டிருந்தது, அதற்கு ஒரு பதில் வேண்டுமே. அலுவலகத்தில் வேலை சம்பந்தமான பேச்சு எல்லாம் இனி ஆங்கிலத்தில் மட்டும். அறையில் எல்லாரும் தலையாட்டினோம். ஆஸ்பத்திரிக்கும் பிடித்துப்போயிற்று. எனக்கும் அதில் கோளாறு எதுவும் தெரியவில்லை. பெண் தப்பித்தாளே என்ற சந்தோஷத்தில் இருந்தேன்.

லதாவுக்கு ஆங்கிலம் படிக்க வரும், எழுத வரும். வாயில் மட்டும் வராது. ஒரு வாக்கியத்தை மனசுக்குள் அடுக்கி முடிப்பதற்குள் கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். முதல் வாரங்களில் கையைத் தூக்கினாள். "சார், தேர் ஈஸ் எ..." என்று தொடங்கி, சொல்லைத் தேடி நின்று, "நத்திங் சார்" என்று உட்கார்ந்தாள். பிறகு கையைத் தூக்குவது நின்றுபோயிற்று. நான் போர்டில் எதை வரைந்தாலும் பின்வரிசையிலிருந்து குரல் வருவதில்லை. கூட்டங்கள் சீக்கிரம் முடிந்தன. ஒழுங்கு வந்துவிட்டது என்று எம்.டி. பாராட்டினார்.

ஒருநாள் மாடிப்படியில் அவளை நிறுத்தித் தமிழில் கேட்டேன். "என்னம்மா, வாய்க்குப் பூட்டு போட்டுட்டியா? இங்க யாரும் இல்ல, என்கிட்ட சொல்லேன்." அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "அந்த ரூல் என்னாலதான் வந்துச்சு சார். நானே அத மீறினா எல்லாரும் என்னத்தானே பறயும்" என்றாள். என்னைத்தானே சொல்வார்கள் என்று அர்த்தம். அதற்கு மேல் நிற்கவில்லை. அப்போதே நான் எம்.டி.யிடம் போயிருக்க வேண்டும். போனேன், சில மாதம் கழித்து. விதி நன்றாகத்தானே நடக்கிறது, ஒரு ஆளுக்காக மாற்ற முடியுமா என்றார். கேட்கிறவருக்கு நியாயமாகப் படும் பேச்சு அது.

அடுத்த வருடம் இன்னொரு அப்ளிகேஷனைப் புது வெர்ஷனுக்கு மாற்றினோம். விண்ணப்பங்களை ஆன்லைனில் நிரப்புகிற ஒன்று. ஏற்றுவதற்கு முந்தைய கூட்டத்தில் லதா எழுந்தாள். நான் ஆச்சரியப்பட்டேன். "சார், தி ஹாஃப்... சேவ்ட்..." என்று தடுமாறினாள். பக்கத்திலிருந்த பையன், நல்ல பையன்தான், உதவி செய்கிறோம் என்ற எண்ணத்தில், "ஷி மீன்ஸ் பேக்கப் ஈஸ் டன் சார்" என்றான், நகல் எடுத்து வைத்தாயிற்று என்கிறாள் என்று. அவள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "யெஸ் சார்" என்று உட்கார்ந்துவிட்டாள். புது வெர்ஷன் ஏறியது. ஜனங்கள் பாதி நிரப்பி வைத்திருந்த விண்ணப்பங்கள் எல்லாம் போயின. பேக்கப்பில் அவை இல்லவே இல்லை. மறுபடி எல்லாரும் முதலிலிருந்து நிரப்பினார்கள். இந்த முறை சிரிக்க ஒரு கதையும் இல்லை, குற்றம் சொல்ல ஒரு சொல்லும் இல்லை.

அதன் பிறகு நான் தலைமை தாங்கிய இடங்களில் எல்லாம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். யார் எந்த மொழியில் சொன்னாலும், "நான் புரிஞ்சுக்கிட்டது இது, சரியா?" என்று என் வார்த்தையில் திருப்பிச் சொல்வேன். இருவரும் ஒரே ஊர் என்றால் இரண்டு முறை சொல்வேன். ஒருவர் பேசத் திணறும்போது அவர் வாக்கியத்தை வேறு யாரும் முடிக்கக் கூடாது என்பேன். ஆஸ்பத்திரிக்குக் கொடுத்திருக்க வேண்டிய பதில் இதுதான். ஒரே ஒரு கேள்வி போதுமாக இருந்தது, நாங்கள் ஒருத்தியின் வாயையே கட்டிவிட்டோம். உங்களில் யாராவது கூட்டத்தில் தப்பும் தவறுமாகப் பேசினால் மற்றவர்கள் காத்திருங்கள். அவசரப்படுத்தாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்த விண்ணப்ப விவகாரம் முடிந்து கொஞ்ச நாளில் லதா வேலையை விட்டாள். விதுரையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கப் போகிறேன் என்றாள். கடைசி நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவளோடு நின்றேன். அலுவலகத்துக்கு வெளியே என்பதால் அவள் தமிழ் திரும்பி வந்திருந்தது. ஏன் போகிறாய் என்று கேட்டேன். அங்கே பிள்ளைகளுக்கு மலையாளத்தில் சொல்லிக்கொடுக்கலாம் சார் என்றாள். வீட்டிலிருந்து பக்கம் என்றாள்.

எனக்கு ஒரு விஷயம் கேட்க வேண்டியிருந்தது. "அந்த விண்ணப்பமெல்லாம் போயிரும்னு ஒனக்கு முன்னாடியே தெரியும், இல்லியா?"

"தெரியும் சார்."

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேம்மா."

அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்த ஆஸ்பத்திரி சமயம் நான் தெத்தாயிட்டு சொன்னேன் சார். ஆனா சொன்னேன், அல்லே?"